துவக்குக் கேள்வி

அமெரிக்கக் குடியுரிமைச் சோதனைக்கு நான் இத்தாலியின் பலெர்மோவில் இருந்துகொண்டு படித்தேன். சோதனை எனக்கில்லை, நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கச்சிக்கு. அவள் வேலைக்குப் புறப்படும் காலை நேரம் எனக்கு மத்தியானம். ஒரேத்தோ தெருவில் நான் வேலை செய்யும் வீட்டுக் குசினியில் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, ஃபோனை உப்புப் போத்தலில் சாய்த்துக் கேள்வி கேட்பேன். அடிமை முறையை ஒழித்த திருத்தம் எது, நிறப்பாகுபாட்டை எதிர்த்த இயக்கம் எது, குடிமக்களுக்கு மட்டும் உள்ள உரிமை எது என்று மொத்தம் நூறு. அவளை விட எனக்குத்தான் நன்றாகப் பாடமானது.

படித்ததைச் சும்மா வைத்திருக்க எனக்கு வராது. ஒருநாள் வீட்டுக்கார சிஞ்ஞோராவின் மகன் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு சிநேகிதர்களைத் தங்கக் கூட்டிவந்தான். வீட்டுக்காரரின் சம்மதமில்லாமல் படையாட்களை வீட்டில் தங்கவைக்கக் கூடாதென்று அமெரிக்காவில் ஒரு திருத்தமே இருக்கிறது என்றேன்.

“இங்கே வீட்டுக்காரி நான்” என்றார் சிஞ்ஞோரா. அவருக்கு எண்பத்துநான்கு வயது.

“சமைக்கிறது நான்” என்றேன்.

அன்று அவர்கள் பிட்ஸா வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தங்கச்சிக்கு இது பகிடியில்லை. கிரீன் கார்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெற்றோரைக் கூப்பிட முடியாது. அவள் குடியுரிமை எடுத்தால்தான் யாழ்ப்பாணத்தில் தனியே இருக்கும் அம்மாவுக்கு விண்ணப்பம் போடலாம். அதனால் முதல் நேர்முகப் பரீட்சை முடிந்து அவள் அழுதுகொண்டு ஃபோன் எடுத்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை.

“கேட்ட ஆறு கேள்விக்கும் சரியாச் சொன்னனான் அக்கா. பிறகு அந்த அதிகாரி ஃபோர்மைப் பாத்துக் கேட்டவன், சட்டம் கேட்டால் அமெரிக்காவுக்காக ஆயுதம் ஏந்துவீங்களோ எண்டு.”

“ஓம் எண்டனியோ?”

“ஐயோ, இல்லை சேர், எங்கட வீட்டிலை ஒருத்தருக்கும் ஒரு தொடர்பும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

நாங்கள் இருவரும் யுத்த காலத்தில் இராணுவ செக்பொயின்ற்றுகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். ஆயுதம் என்ற சொல் காதில் விழுந்தால், போராளிகளோடு தொடர்புண்டா என்ற விசாரணைதான்; வாயில் ‘இல்லை’ வந்துவிட வேண்டும், கையில் அடையாள அட்டை வந்துவிட வேண்டும். தங்கச்சியும் கிரீன் கார்ட்டை எடுத்து அந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறாள். அந்த மனிதன் நல்லவன் போல. சமய நம்பிக்கை காரணமாக மறுக்கிறீர்களா, அப்படியென்றால் சட்டத்தில் இடமுண்டு என்று விளக்கியிருக்கிறான்.

“அதுக்கு என்ன சொன்னனி?”

“எப்பிடி அக்கா பொய் சொல்லுறது? முருகன்ரை பன்னிரண்டு கையும் கண்ணுக்கு முன்னாலை வந்திட்டுது. இல்லை சேர், எங்கட சாமியளிட்டை எல்லாம் ஆயுதம் இருக்கு எண்டன்.”

நான் சிரித்த சிரிப்பில் பாஸ்தா பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. பிறகுதான் அவள் மீதியைச் சொன்னாள். இன்னொருமுறை வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதிலும் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அம்மாவோ வருடா வருடம் மெலிந்துகொண்டு போனா.

மறுநாள் தொடக்கம் வேறு பாடமில்லை. வீடு கூட்டும் தும்புத்தடியைத் துப்பாக்கி மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு ஃபோனுக்கு முன்னால் நின்றேன்.

“துவக்குத் தூக்குவியோ?”

“ஓ...ம்.”

“சாப்பாடு வேண்டாம் எண்டு சொல்லுற மாதிரிச் சொல்லாதை. திருப்பிச் சொல்லு!”

இதையெல்லாம் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சிஞ்ஞோரா என்ன நடக்கிறதென்று கேட்டார். சொன்னேன். “அமெரிக்காவில் துப்பாக்கி இல்லாதவன் யார்? உன் தங்கை எதற்கு அவர்களுக்கு?” என்றார் இத்தாலியனில். ஆனாலும் அடுத்த நாள் அவரே அதிகாரியானார். கைத்தடியால் தரையில் தட்டி, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து ஃபோனுக்குள் அதட்டினார். தங்கச்சி பயந்துபோய் உடனே “யெஸ்” என்றாள். எனக்கு மூன்று கிழமை எடுத்தும் முடியாததை அந்த மனுசி மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார்.

இரண்டாம் நேர்முகம் முடிந்து அவள் ஃபோன் எடுத்தாள்.

“சொல்லிப்போட்டன் அக்கா. பாஸ் எண்டவன்.” கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். “அம்மாவுக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிப்போடாதை. ஓம் எண்டனான் எண்டு கேட்டா பயந்திடுவா.”

சந்தோசத்தில் நான் குசினிக்குள் நின்று அழுதேன். சிஞ்ஞோரா மேசையில் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

“அவளை அமெரிக்கக்காரி ஆக்கிவிட்டோம். நீ இங்கே வந்து பத்தொன்பது வருடம். நீ எப்போது விண்ணப்பிக்கப் போகிறாய்?” கைத்தடியைத் துவக்கு மாதிரி என் பக்கம் நீட்டினார். “சொல்லு, இத்தாலிக்காக ஆயுதம் ஏந்துவாயா?”

பகிடிதான். இத்தாலியில் அப்படியொரு கேள்வி இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. நன்றாக வாயாடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“இல்லை சிஞ்ஞோரா, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை.”

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஏப்ரன் பைக்குள் எப்போதும் வைத்திருக்கும் பெர்மெஸ்ஸோ, நான் இந்த நாட்டில் தங்குவதற்கான அந்த அட்டை, எப்போது எடுத்தேனோ தெரியாது, அவர் முகத்துக்கு நேரே நீட்டியபடி இருந்தது.