சிமெண்டைக் கைவிட்ட ஒரு வருஷம்

இங்கிலாந்தின் லங்காஷயரில் மில்கள் மூடிப்போன ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் ஆலன் என்ட்விசில் இடுப்பு மூட்டு மாற்றும் சர்ஜன். தொடை எலும்பின் உட்குழியைக் கழுவி, எலும்பையும் உலோகத்தையும் பிணைக்கும் மருத்துவ சிமெண்டை அழுத்தி நிரப்பி, அது இறுகுவதற்குள் செயற்கை மூட்டின் உலோகத் தண்டை இறக்கி அசையாமல் பிடித்துக்கொள்வார். அவர் வைத்த தண்டுகள் இருபது வருஷமானாலும் ஆடுவதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அப்போதுதான் வில்ஃப் ஹாவொர்த் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டிருந்தார். இதயம் பலவீனம் என்று மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மோரீன் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். சிமெண்டை நிரப்பித் தண்டை இறக்கியதுமே ரத்த அழுத்தம் சரிந்தது.

"ஆலன், நிறுத்துங்க. ஆளு போறாரு" என்றாள் மோரீன்.

நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். வில்ஃபுக்கு உயிர் திரும்பவில்லை. சிமெண்ட் மட்டும் உள்ளே கச்சிதமாக இறுகியிருந்தது.

"இடுப்புக்குத்தானே வந்தாரு?" என்று வில்ஃபின் மனைவி கேட்டாள்.

சிமெண்டால் அபூர்வமாக நேரக்கூடிய ஆபத்துதான், யார் மீதும் தவறில்லை என்று விசாரணை முடிந்தது. ஆனால் அதன்பின் சிமெண்ட் குழைக்கும் நெடி எழுந்தாலே ஆலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிமெண்ட் இல்லாமல் எலும்புக்குள் இறுக்கமாக அடித்து இறக்கும் தண்டுக்கு மாறினார். இதுதான் இப்போதைய முறை என்று எல்லோரிடமும் சொன்னார். கிழவிகளின் மெல்லிய எலும்பு அதைத் தாங்குமா என்று மோரீன் கேட்டபோது பேச்சை மாற்றினார்.

ஈனிட் பில்லிங்குக்கு எழுபத்தொன்பது வயது. விழுந்து இடுப்பு முறியும்வரை, சனிக்கிழமை தவறாமல் சர்ச் ஹாலில் நடனமாடியவள். எக்ஸ்ரேயில் எலும்பு முட்டை ஓடு போலத் தெரிந்தது. சிமெண்ட்தான் சரி என்று ஆலனுக்குத் தெரியும். தெரிந்தும் சுத்தியலை எடுத்தார்.

சில வாரங்களில் அவள் டீ போட நாற்காலியை விட்டு எழுந்தபோது, தண்டை ஒட்டி எலும்பு நெடுக்காகப் பிளந்தது. மறுபடி அறுத்து, கம்பி சுற்றிக் கட்டினார்கள். புண்ணில் சீழ் பிடித்தது. கால் குட்டையாகி, இரண்டு ஊன்றுகோலோடு முதியோர் இல்லத்துக்குப் போனாள்.

அங்கிருந்து ஒருநாள் கிளினிக்குக்கு வந்தாள்.

"பக்கத்து வீட்டு மேபலுக்கு சிமெண்ட் வச்சீங்க. அவ இன்னும் குன்று ஏறிட்டிருக்கா. எனக்கு ஏன் வைக்கல?"

ஆலன் பொய் சொல்ல நினைத்து, முடியாமல், ஆபரேஷன் மேஜையில் செத்துப்போன, இதயம் பலவீனமான ஒருவரைப் பற்றிச் சொன்னார்.

"என் இதயத்துல ஏதாவது கோளாறா டாக்டர்?"

"இல்ல."

"அப்ப பயம் உங்களுக்கு. கால் போனது எனக்கு."

அடுத்த ஆபரேஷனிலேயே அவர் சிமெண்டுக்குத் திரும்பினார். ஆனால் தண்டை இறக்கும்போதெல்லாம் மோரீனின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டும்வரை மூச்சு விட முடியவில்லை.

ஈனிட் ஆஸ்பத்திரியில் கேட்டு வேறு சர்ஜனுக்கு மாறிக்கொண்டாள். பிறகு ஒருமுறை மார்க்கெட்டில் ஆலனைக் கண்டாள். அவர் வணக்கம் சொல்ல வாயெடுத்தார். அவள் ஊன்றுகோல்களைச் சிரமப்பட்டுத் திருப்பிக்கொண்டு, பாலாடைக்கட்டிக் கடைப் பக்கம் நகர்ந்தாள்.