சங்கரேஸ்வரி மைனியின் ஆப்பு மெஷின்

“தாராவியில் இன்னுமா விறகு எரிக்கிறீர்கள்?” என்று யாராவது கேட்டால் எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். காலையில் நீ வாயில் போட்டுக்கொண்ட இட்லி எதில் வெந்தது என்று நினைத்தாய்? விடிவதற்குள் நானூறு இட்லி அவித்து, சைக்கிளில் மாஹிம் வரைக்கும் கொண்டுபோய் விற்கிறவன் நான். கேஸில் அவித்தால் எனக்குக் கட்டுப்படியாகாது. முறுக்குச் சுடுகிறவர்களுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் அதே கதைதான். எங்கள் எல்லோருக்கும் விறகு தருவது சந்து முனையில் இருக்கும் முத்துசெல்வம் அண்ணாச்சியின் கடை. அவர் மனைவி சங்கரேஸ்வரி. எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை என்று நானே வைத்துக்கொண்டேன். சொந்தமெல்லாம் கிடையாது. ஊரில் எங்களுக்கு அடுத்தடுத்த பஸ் ஸ்டாப், அவ்வளவுதான்.

மழையில் சாய்ந்த மரங்கள் லாரியில் துண்டு துண்டாக வந்து இறங்கும். இருபத்திரண்டு வருஷமாக அண்ணாச்சி அவற்றைக் கோடாலியால் பிளந்துகொண்டிருந்தார். போன ஜூன் மாதம் ஒரு புளியங்கட்டையில் கோடாலி சிக்கிக்கொண்டது. அதை வெடுக்கென்று இழுத்ததில் வலது தோளில் சதை கிழிந்துவிட்டது. “இன்னொரு தடவை கிழிந்தால் இந்தக் கை தலை சீவக்கூட மேலே வராது” என்றார் டாக்டர். அண்ணாச்சி பவ்யமாகத் தலையாட்டினார். மூன்றாவது வாரம், மைனி மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்துக் கோடாலியைத் தூக்கினார். அவர் கத்திய கத்தல் என் வீடு வரைக்கும் கேட்டது. நல்லவேளை, மறுபடி கிழியவில்லை. கூலிக்கு இரண்டு பேர் வந்தார்கள். புளியங்கட்டையைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

“இந்த மனுசன் சொன்னாக் கேக்க மாட்டாரு சொரிமுத்து” என்றாள் மைனி என்னிடம். “கோடாலிக்கு வேலையே இல்லாமப் பண்ணுனாத்தான் அந்தக் கை தப்பும்.”

மைனி கல்யாணத்துக்குப் பிறகு பதினோரு வருஷம் பாட்டில் மூடி அச்சடிக்கும் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவள். அங்கே எண்ணெயின் அழுத்தத்தில் இரும்பு போவதும் வருவதும் அவளுக்கு அத்துப்படி. சத்தத்தை வைத்தே மெஷினுக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவாள். போனில் நாலு வீடியோ பார்த்தாள். மேற்கொண்டு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மான்குர்த்தில் ஷரீஃபுன்னிசா என்ற அம்மாவின் பங்கார் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். குப்பை லாரியிலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் சிலிண்டர் ஒன்று அங்கே கிடந்தது. என் உயரம் இருக்கும். இதை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று அந்த அம்மா இந்தியில் கேட்டாள். விறகு பிளக்க என்று மைனி சொன்னதும் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் ஒரு பம்பையும் சேர்த்துத் தூக்கி வைத்தாள்.

வெல்டிங்குக்கு நாகராஜ் வந்தான். இடித்த கட்டடத்தின் இரும்பு உத்தரம் ஒன்றைப் படுக்க வைத்து, ஒரு முனையில் கனத்த இரும்பு ஆப்பைப் பற்ற வைத்தான். மறுமுனையில் சிலிண்டர். நடுவில் கட்டையை வைத்து லிவரை இழுத்தால், சிலிண்டரின் தண்டு கட்டையை ஆப்பின் மேல் தள்ளி இரண்டாகப் பிளக்கும். பெயிண்ட் டிரம்தான் எண்ணெய்த் தொட்டி. “ஊருக்கெல்லாம் ஆப்பு வைக்கிறவங்க இருக்காங்க, நீங்க விறகுக்கு வைக்கிறீங்க” என்று நாகராஜ் கிண்டல் செய்தான். முதல் நாள் ஓட்டம் அமர்க்களம். ஒரு குழாய் பிய்த்துக்கொண்டு எண்ணெயை நேராக என் மேல் பீய்ச்சியது. எண்ணெய்க் காப்பு பார்த்திருக்கிறேன், சாமிக்குத்தான் பார்த்திருக்கிறேன். மைனி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “கொழாய்ப் பிடி லூசா இருக்குலே நாகராஜ்” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆயுத பூஜையன்று மெஷின் சரியாக ஓடியது. புளியங்கட்டை படாரென்று வாய் பிளந்தபோது சந்தே கைதட்டியது. அண்ணாச்சி மட்டும் தராசுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த மூன்று மாதமும் அப்படித்தான். மெஷின் ஓடும்போது பக்கத்தில் வர மாட்டார். பேச்செடுத்தால், “பேய் மாதிரில்லா கத்துது” என்பார்.

“ஒரு நல்ல வார்த்த சொன்னா வாய் தேஞ்சிருமா?” என்று மைனி ஒருநாள் என்னிடம் கண் கலங்கினாள். எனக்கும் அவர் மேல் கடுப்புதான். கட்டியவள் இவர் கைக்காக இவ்வளவு பாடுபடுகிறாள், இந்த மனிதருக்கு ஆம்பளை வீம்பா என்று நினைத்தேன்.

பொங்கல் வந்தது. எங்கள் பெண்கள் நைன்டி ஃபீட் ரோட்டில் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கலிடுவார்கள். இந்த வருஷம் நூற்று எண்பது பானை. அத்தனைக்கும் விறகு தருகிறேன் என்று மைனி வாக்குக் கொடுத்திருந்தாள். போகிப் பண்டிகையன்று காலையிலிருந்து மெஷின் நிற்காமல் ஓடியது. பதினொரு மணிக்குப் பாதிக் கட்டைதான் முடிந்திருந்தது. அப்போது மெஷின் முனகத் தொடங்கியது. தண்டு நத்தையாக ஊர்ந்து வந்து, ஒரு புளியங்கட்டையின் பாதியில் நின்றேபோனது.

மைனி சுவிட்சை அணைத்தாள். அந்த அமைதியில் அண்ணாச்சி எழுந்தார். மூலைக்குப் போய்க் கோடாலியை எடுத்தார்.

“கீழ வைங்க அத!” மைனி போட்ட சத்தத்தில் எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது.

“நூத்தியெம்பது பான, சங்கரி. வாக்குக் குடுத்திருக்கோம்லா.”

“வாக்கு கெடக்கட்டும். நீங்க ஒரு கட்டைய வெட்டுனா நாளைக்கே இந்த மெஷின பங்கார்ல தூக்கிப் போட்டுருவேன். யாருக்காக இதச் செஞ்சேன்னு நெனைச்சிய?”

அவர் கோடாலியைக் கீழேயும் வைக்கவில்லை, ஓங்கவும் இல்லை. அப்படியே நின்றார். மைனி, “காத்த உறிஞ்சுத சத்தம் இது, எண்ணெ ஏறல” என்று முணுமுணுத்தபடியே தொட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டு எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி எடுத்தாள். சல்லடைக் கண்ணெல்லாம் சாம்பல் நிறத்தில் சகதி அப்பியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

“எவம்லே எண்ணெயில திருநீறு போட்டது?”

“ஒரு சிட்டிகைதான் மைனி” என்றேன். “ஆயுத பூஜையன்னைக்கு. சாமி பிரசாதம். நல்லா ஓடட்டுமேன்னு...”

“ஒரு சிட்டிகையில இவ்வளவு சகதி வருமா? ஒரு கை நெறைய இருக்கு!”

“என்னப் பாக்காதீங்க” என்று நாகராஜ் பின்வாங்கினான். “நான் குங்குமம் வெளியதான் வச்சேன்.”

அண்ணாச்சி கோடாலியைச் சுவரில் சாய்த்தார்.

“நாந்தான்” என்றார். “வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போயிட்டு வந்து போட்டேன்.”

மைனி வடிகட்டியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். “ஏன், வெளிய பூசுனா ஆகாதா?”

“வெளிய பூசுனா வெளியதான நிக்கும்? சத்தம் உள்ள இருந்துல்லா வருது.”

நான் சிரித்துவிட்டேன். நாகராஜும் சிரித்தான். மைனி சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார். “அந்த மூடிப் பட்டறையில ரெண்டு பொம்பளையளுக்கு வெரல் போச்சுன்னு நீதான சொன்ன? இந்தப் பேய் ஓடும்போது திரும்பிப் பாக்கவே எனக்குப் பயம். தெனமும் நீ சோறு திங்கும்போது எண்ணிக்கிட்டிருக்கேன், பத்தும் இருக்கான்னு.”

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. வீம்பு என்று நினைத்தேனே, என் வாயில் மண்ணைப் போட.

மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த வேகத்தில் முகமெல்லாம் எண்ணெய். “நெத்தியில பூசுறத வயித்துல போட்டா எந்த மெஷினும் படுத்துரும்” என்று திட்டிக்கொண்டே டீசலில் வடிகட்டியைக் கழுவினாள். தொட்டி எண்ணெயை வடிகட்ட நெருக்கமாக நெய்த சுத்தமான துணி வேண்டும் என்றாள். அண்ணாச்சி உள்ளே போய்ப் பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த புது வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். நானும் நாகராஜும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள, மைனி ஊற்றினாள். அந்த வேட்டி பிறகு வேட்டியாக இல்லை. எல்லாம் முடித்து சுவிட்சைப் போட்டபோது மணி மூன்று. முனகலே இல்லை. பாதியில் நின்ற புளியங்கட்டை படாரென்று பிளந்தது.

ஆனால் மிச்சம் குவியலாகக் கிடந்தது. கட்டையை வைப்பதும் லிவரை இழுப்பதும் ஒரே ஆள் செய்தால் விடிந்துவிடும். நான் லிவர் பக்கம் நகர்ந்தேன்.

“நீ தள்ளுலே” என்றாள் மைனி. அண்ணாச்சியைப் பார்த்தாள். “நீங்க வாங்க. லிவர் உங்க இடது கைக்கு எட்டும். நான் கட்ட வைக்கேன். கைய எடுத்துட்டேன்னு உங்க கண்ணுக்குத் தெரிஞ்ச பெறவு இழுங்க.”

அவர் வந்தார். வந்து நின்றதும் சாமி சன்னதியில் நிற்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு இடது கையால் லிவரைப் பிடித்தார். அவள் கட்டையை வைத்து, இரண்டு கையையும் எடுத்து, அவர் பார்க்கும்படி விரித்துக் காட்டினாள். அவர் இழுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் கடைசிக் கட்டையும் விழுந்தது. நூற்று எண்பது பானைக்கும் கட்டுக் கட்டி அடுக்கினோம். அந்த மூன்று மணி நேரமும் நான் பக்கத்திலேயே நின்றேன். அண்ணாச்சி ஒரு கட்டை பிளப்பதைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் அவள் கையிலேயே இருந்தது.