பின் சீட்டில் கேன்

வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் அருள்தாஸ் பின் சீட்டைத்தான் பார்ப்பார். என்னை உட்கார வைப்பதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். கேனை வைப்பதற்காக.

கேன் என்றால் பால் கேன் இல்லை. அவர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். எங்கள் வீடு ஒதியம்பட்டில். வில்லியனூரைச் சுற்றிலும், அந்தப் பக்கம் காட்டேரிக்குப்பம், இந்தப் பக்கம் பண்டசோழநல்லூர் வரைக்கும் எந்த மாடு பருவத்துக்கு வந்து கத்தினாலும் இவருக்குத்தான் போன் வரும். ஊசிக்கு வேண்டியதையெல்லாம் நைட்ரஜன் ஊற்றிய ஒரு அலுமினியக் கேனில் உறைய வைத்திருப்பார். முழங்கால் உயரம் இருக்கும். அது சாயக் கூடாது, ஆடக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. புதுப்பெண்ணைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். என்னை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை, எனக்குத் தெரியாதா.

மாடு கத்துவதற்கு நேரம் காலம் கிடையாது. அதனால் கேன் இல்லாமல் அவர் எங்கேயும் கிளம்ப மாட்டார். தனியாகப் போனால் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். நானும் கூடப் போனால் கேன் என் மடிக்கு வந்துவிடும். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மடியில் கேனோடுதான் போய் இறங்கியிருக்கிறேன். என் சித்தி மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு இறங்கியபோது, வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "பாயசமா? குடும்மா, உள்ள வைக்கிறேன்" என்று கையை நீட்டினார். இருந்த கோபத்தில் கொடுத்தே இருப்பேன்.

ஆனால் ஓட்டுவதில் அந்த மனுஷனைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருடத்தில் மூன்று வண்டிகளைத் தேய்த்திருக்கிறார், ஒரு தடவைகூடக் கீழே போட்டதில்லை. ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பிக் காயவைத்திருந்தால் மற்றவர்கள் அதில் ஏறி வழுக்குவார்கள். இவர் ஓரமாக நூல் பிடித்த மாதிரி போவார். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போனால், கட்டைப் பார்த்தே எந்தப் பக்கம் கரும்பு சரியும் என்று சொல்லிவிடுவார். மாட்டுக்காரர் தெரு வந்தால் முனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போவார். வண்டிச் சத்தம் கேட்டால் ஊசிக்காரன் வந்துவிட்டான் என்று மாட்டுக்குத் தெரியுமாம். ஒரு தடவை ஊசி வாங்கிய மாடு அந்தச் சத்தத்தை மறக்காதாம்.

போன தை மாதம் பழைய வண்டியின் சேசிஸ் கேரியருக்குக் கீழே விரிசல் விட்டுவிட்டது. வில்லியனூர் மெக்கானிக் கலைச்செல்வன் எனக்குத் தம்பி முறை. குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, இதுல மூணு வாட்டி வெல்டிங் வச்சாச்சு. நீ, கேனு, அக்கா, மூணு பேரத் தாங்காது. இதத்தான் ஓட்டுவன்னா, பின்னால ரெண்டுல ஒண்ண எறக்கிடு."

அவர் யோசித்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உண்மையிலேயே யோசித்தார்.

"இன்னா யோசன?" என்றேன்.

"இல்ல, கேன எறக்கிட்டா பொழப்பு போயிடுமே" என்றார்.

அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவில்லை. பசி வந்த பிறகு அவரே சமையல்கட்டுப் பக்கம் வந்தார். வந்தவரை உட்கார வைத்துச் சொன்னேன். எங்கள் மகள் லில்லியைப் பாகூரில் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஏழாம் மாதம். வாரம் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் போனபோது, கேனைச் சுமந்து கால் மரத்துப் போய், சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கியதும் தொப்பென்று விழுந்தேன். சம்பந்தியம்மா முதலில் கேனைத்தான் தூக்கினாள், ஏதோ பலகாரம் என்று நினைத்து.

"நீங்க எந்த வண்டிய வேணா வாங்குங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. பின் சீட்டு எனக்கு வேணும். மடியில கேன் வரக் கூடாது."

"சரி சரி" என்றார். அவர் சரி சரி என்று இரண்டு தடவை சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

ஒரு மாதம் வண்டிப் பேச்சுதான். ஒன்று சின்ன வண்டி, நூற்றுப்பத்து சிசி. இன்னொன்று முந்நூற்று ஐம்பது சிசி பெரிய வண்டி. இவர் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாட்டு டாக்டர் அந்த மாதிரி வண்டியில் வருவாராம். அவர் வரும் சத்தத்துக்குத் தெருவே எழுந்து நிற்குமாம். அன்றைக்குப் பிடித்த பேய் இன்னும் இறங்கவில்லை. சின்ன வண்டி வரப்பில் போகும், சேற்றில் தூக்கிப் போடலாம். ஆனால் விழுப்புரம் ரோட்டில் லாரிக்காற்று அடித்தால் கேனோடு சேர்ந்து ஆடும். பெரிய வண்டி அந்த ரோட்டில் பாறை மாதிரி நிற்கும். ஆனால் வரப்பில் இறக்கினால் ஏற்ற முடியாது. சாப்பிடும்போது சின்னது, குளிக்கும்போது பெரியது என்று அந்த மாதம் முழுக்க மனுஷன் மாறிக்கொண்டே இருந்தார். என் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் வில்லியனூரில் உள்ள ஷோரூமுக்கு ஆட்டோவில் போனோம். நான், அவர், கேன். இரண்டு வண்டியும் அங்கேயே இருந்தது. இளவரசி என்று ஒரு பெண், நல்ல பெண், சிரித்த முகமாக வந்து கலர் காட்ட ஆரம்பித்தாள். இவர் கலரையெல்லாம் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து கேரியர் போல்ட் எங்கே ஏறும் என்று தடவினார். செயினை விரலால் தூக்கிப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடி, டேங்க்மேல் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

"அங்கிள், ஆன்ட்டி பின்னால ஒக்காந்து பாக்கட்டுமே" என்றாள் இளவரசி.

"மொதல்ல கேன் ஒக்காரட்டும்மா" என்றார்.

கேனை ஏற்றி இறக்கி அளந்துகொண்டிருக்கும்போதே போன் வந்தது. காட்டேரிக்குப்பம் கலியம்மாள். வயதானவள், இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவள். அவள் பேசுவது எனக்கே கேட்டது.

"தம்பி, செவல நேத்து சாயங்காலத்துலேர்ந்து கத்துதுப்பா. இன்னிக்கி வுட்டா இன்னும் மூணு வாரம் ஆவும். சுருக்கா வா."

அவர் பெரிய வண்டியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"டெஸ்ட் டிரைவ் போலாமாம்மா?"

"போலாம் அங்கிள். லைசென்ஸ குடுத்துட்டுப் போங்க."

லைசென்ஸ் வீட்டில், வேறு சட்டையில் இருந்தது. அவர் என்னைக் காட்டி, "எம் பொண்டாட்டி இங்கதான இருக்கா. எங்க போயிடப் போறேன்?" என்றார். கேனைப் பின்னால் கட்டினார். டப் டப் என்று கிளம்பிப் போய்விட்டார். லைசென்ஸுக்குப் பதில் நான் ஷோரூமில் அடமானம்.

அரை மணி என்று போனவர் மூன்று மணி நேரம் வரவில்லை. இளவரசி டீ வாங்கித் தந்தாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. அங்கே நடந்ததைக் கலியம்மாள்தான் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

முப்பது வருடமாகத் தெருமுனையில் இன்ஜினை அணைக்கிறவர் அன்றைக்கு அணைக்கவில்லை. தெரு கேட்கட்டும் என்று ஆசை. தெரு கேட்டது. செவலையும் கேட்டது. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வயல்பக்கம் ஓடியது. இவர் விட்டாரா, வண்டியோடு வரப்பில் ஏறித் துரத்தினார். பத்தடி போனதும் வரப்பு உடைந்தது. நடவு முடிந்து தண்ணீர் நின்ற வயலில் பெரிய வண்டி இறங்கிப் பாதி சக்கரம் வரை உட்கார்ந்துவிட்டது. வண்டி கிடந்தால் கிடக்கட்டும் என்று கேனை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு டிராக்டர் வந்து, ஆறு பேர் சேர்ந்து, கயிறு கட்டி இழுத்தார்கள். சத்தம் அடங்கியதும் செவலை தானாகத் திரும்பி வந்து கொட்டகையில் நின்றதாம். ஊசியும் போட்டாயிற்று.

இடுப்புவரை சேற்றோடு ஷோரூமுக்குள் வந்தார். இளவரசி வண்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். இவரே வாளித் தண்ணீர் கேட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து வண்டியைக் கழுவினார். மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி அத்தனை அன்பாகக் கழுவினார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஆச தீந்துச்சா?" என்றேன்.

"தீந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தீரல" என்றார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சின்னதே போதும்மா, கேனுக்கு அதான் கரெக்ட்டா இருக்குது" என்று இளவரசியிடம் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

"கேனுக்குக் கரெக்ட்டு. எனக்கு?"

அவர் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"இருவத்தாறு வருசமா கேட்டனா? இப்பதான் கேட்டேன், ஒரே ஒரு வாட்டி. மூணு மணி நேரம் இங்க சாமான் மாதிரி ஒக்காந்திருக்கேன். நான் எங்க ஒக்கார்றதுன்னு ஒரு வாட்டியாவது அளந்து பாத்தீங்களா?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கே அசிங்கமாக இருந்தது. இளவரசி கலர் அட்டையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சேற்றுக்காலோடு அப்படியே நின்றார். வீட்டுக்கு வரும் வரைக்கும் ஆட்டோவில் கேனைத் தன் மடியிலேயே வைத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சின்ன வண்டி கைக்கு வந்தது. அன்றைக்கும் கேன் கூடவே வந்தது, வராமல் இருக்குமா. வில்லியனூர் மாதா கோயிலில் ஃபாதரிடம் வண்டியை மந்திரித்துக்கொண்டு வெளியே வந்தோம். அவர் கேனைத் தூக்கினார். நான் மடியை ஒதுக்கிக்கொண்டேன், பழக்கதோஷம். அவர் என்னிடம் தரவில்லை. நேராக ரோட்டுக்குப் போய், எங்கள் ஊர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். கண்டக்டர் கேனைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"இன்னாய்யா இது, வெடிக்கிற சாமானா?"

"மாட்டு ஊசிப்பா. ஒதியம்பட்டுல எறக்கிடு. ஒரு டிக்கெட்டு குடு. சீட்டுல வைக்கணும், கீழ வைக்காத."

கேனுக்கு ஜன்னலோரச் சீட்டு கிடைத்தது. நான் புது வண்டியில் ஏறினேன். வழி முழுக்க பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனார். பஸ் நின்றால் இவரும் நின்று, கழுத்தை நீட்டி ஜன்னலைப் பார்த்தார். பஸ் புகையெல்லாம் என் முகத்தில்தான்.

ஒதியம்பட்டில் கண்டக்டர் கேனை இறக்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு வந்து, "சித்த எறங்கு ஸ்டெல்லா. வூடு தோ இருக்குது. கேனக் கட்டிக்கினு போறேன், நீ நடந்து வந்துடு" என்றார்.

நான் இறங்கவில்லை. அவர் கேனைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் ஏறி உட்கார்ந்து, கேனைத் தனக்கு முன்னால் டேங்க்மேல் நிறுத்தி, இரண்டு முழங்கைக்கும் நடுவில் அணைத்துக்கொண்டார். மூடிக்கு மேலே எட்டிப் பார்த்தபடி முதல் கியரிலேயே ஓட்டினார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இருபத்தாறு வருடமாக இரண்டு கையும் கேனைத்தான் பிடித்திருந்தன. இந்த வயதில் வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி?" என்றார்.

"ஒண்ணுமில்ல, பாத்து ஓட்டுங்க" என்றேன்.