ஏலக்காய் மணக்கும் எச்சில்

"எச்சில் அனுப்பினீங்களா, பாயசம் அனுப்பினீங்களா?"

போன மாதம் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ரெஹானாவுக்கு லேபிலிருந்து இப்படியொரு போன். கம்பத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. சிலமலையிலிருந்து விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களை அந்தப் பயணம் எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதை, பயத்தில் எச்சிலில் கூடும் ஒரு ஹார்மோனை வைத்து அளக்கிறாள். எழுந்ததும் ஒரு குழாய், ஜீப்பை விட்டு இறங்கியதும் ஒன்று. ஒப்பிட, லீவு நாளில் அதே நேரங்களில் இன்னும் இரண்டு. நிரூபித்துவிட்டால் மலைக்கு பஸ் கேட்கலாம்.

வந்த குழாய்களிலோ ஏலக்காய் வாசம். சிலவற்றில் லேசாக ரத்தம் வேறு. இப்படி இருந்தால் அளவு தப்பும். அடுத்த தடவையும் இதே கதை என்றால் சிலமலையை விட்டுவிடச் சொல்லிவிட்டார் அவளுடைய கைடு. ரெஹானா அன்று சாப்பிடவேயில்லை. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மறுநாள் நானும் கூடப் போனேன். அந்த ஜீப்பில் போகும் பெண்களில் மூத்தவர் பேச்சியம்மாள். கேட்டதும் சாதாரணமாகச் சொன்னார்.

"பல்லு வெளக்காத எச்சிய ஒரு படிச்ச பிள்ள கையில குடுக்க முடியுமா ஆத்தா? நல்லா அழுத்தித் தேச்சு, ரெண்டு காய வாயில போட்டு மென்னுட்டுத்தேன் துப்புனோம். எல்லார்ட்டயும் நாந்தேன் சொன்னேன்."

மரியாதையால் கெட்டுப்போன ஆராய்ச்சியை அன்றுதான் பார்த்தேன். பல் தேய்க்காதீர்கள், எதையும் மெல்லாதீர்கள் என்று ரெஹானா முதலிலேயே சொல்லித்தான் இருந்தாள். விருந்தாளி 'காபி வேண்டாம்' என்றால் நாம் கேட்கிறோமா என்ன... அப்படித்தான் இதுவும். மறுபடி விளக்கினாள். தலையாட்டினார்கள். எனக்கென்னவோ அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை வரவில்லை.

அவளுக்கும்தான். அன்று பேச்சியம்மாள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். நானும்தான் — பாயில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டது தனிக்கதை. விடிந்ததும் கலைந்த தலையோடு, பல் தேய்க்காத வாயோடு வாசலுக்கு வந்தவள், கூடியிருந்த பெண்கள் முன்னால் முதல் குழாயில் தானே துப்பினாள். மூடியைத் திருகிப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தாள்.

"பிடிங்கக்கா. இது என்னோடது. நானும் இன்னும் பல்லு வெளக்கல."

பேச்சியம்மாள் குழாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"அடி ஆத்தி... நீயே இப்பிடித் துப்புறப்ப எங்களுக்கென்ன? கொண்டா. ஜீப்பு வந்துரும், வெரசா."

அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. நேற்று முன்தினம் லேபிலிருந்து தகவல் — குழாய்கள் சுத்தம். ஜீப் ஏறிய நாட்களில் ஹார்மோன் அளவு எகிறியிருக்கிறது. அறிக்கையோடு பஸ் கேட்கப் போகலாம் என்றிருக்கிறார் கைடு. ரெஹானா அன்றே சிலமலைக்கு ஓடினாள், பின்னாலேயே நானும்.

பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பயமா இருக்குன்னு வாயால எம்புட்டு வருசமாச் சொன்னோம். ஒருத்தரும் நம்பல. எச்சி சொன்னா நம்புவாகளா?"

"நம்புவாங்கக்கா."

"அப்பச் சரி. இன்னும் எத்தன குழா வேணும்னாலும் கொண்டா."