பெல்ட் தராசின் இரண்டு கொக்கிகள்

எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி வராது. குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எடைக்கணக்கு எழுதும் வேலை கிடைத்தபோது, இந்த வியாதிக்குச் சம்பளமும் தருகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன்.

தொண்ணூறுகளில் நான் நச்சரித்து, ஓடுகிற பெல்ட்டிலேயே தூளை நிறுக்கும் தராசு ஒன்றை வாங்க வைத்தேன். உலர்த்தும் எந்திரத்திலிருந்து தூள் பெல்ட்டில் விழுந்து சலிக்கும் அறைக்குப் போகும். வழியில், பெல்ட்டுக்கு அடியில் ஒரு சட்டம். அதன்மேல் அழுத்தும் பாரத்தையும் பெல்ட்டின் வேகத்தையும் சேர்த்து, என் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த பெட்டி கிலோவாகக் காட்டும். காலையில் வெறும் பெல்ட்டை ஒரு சுற்று ஓடவிட்டு நான் பூஜ்யம் போடுவேன். இனி மூட்டை தூக்கி நிறுக்க வேண்டாம் என்று பெண்கள் கைதட்டினார்கள்.

கோடை முழுக்கச் சரியாக இருந்தது. மழை பிடித்ததும் பெட்டி குறைத்துச் சொல்ல ஆரம்பித்தது. அதே தூளை மூட்டை நிறுக்கும் பழைய மேடைத் தராசில் வைத்தால் கூடுதலாக வந்தது. வெயிலடித்த நாளில் இரண்டும் ஒத்துப்போயின. எமரால்டு அணைப் பக்கமிருந்து மேகம் இறங்கிய நாளில் முறைத்துக்கொண்டன. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய துரை, அதாவது மேனேஜர், ரவுண்டு வந்தவர் சொன்னார்: "சனிக்கிழமைக்குள்ள ரெண்டும் ஒத்து வரணும். இல்லேன்னா கழட்டி அனுப்பிடுவேன். பழையபடி மூட்டைதான்."

"ஏனுங்க சார், மறுபடியும் எங்க இடுப்பை ஒடிக்கறீங்களா?" என்று என்னிடம் கேட்டார் உலர்த்தும் எந்திரத்தில் நின்ற அக்கா. "உங்க மெசினுக்குக் குளிருதாட்ட இருக்குதுங்க. ஒரு கம்பளி போத்தி உடுங்க."

வெள்ளிக்கிழமை காலை, பூஜ்யம் போட்டுவிட்டுச் சோதனை எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு சட்டத்தின் சுவர்ப்பக்கச் சந்துக்குள் குனிந்து நுழைந்தேன். அவற்றை மாட்டிப் பார்ப்பதற்கென்றே தராசு செய்தவர்கள் சட்டத்தில் இரண்டு கொக்கிகள் வைத்திருந்தார்கள்.

கொக்கிகளில் இடமில்லை. மப்ளர் மூன்று, ஸ்வெட்டர் இரண்டு, குரங்குக் குல்லா ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே சொட்டச் சொட்ட ஒரு மழைக்கோட்டு. எந்திரத்தின் சூடு அந்தச் சந்தில்தான் இதமாக அடிக்கும். ஈரத்துணியோடு சேர்த்து நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன். துணி காயக் காயச் சட்டத்தில் பாரம் குறைந்திருக்கிறது. பெட்டி அதைத் தூளில் கழித்திருக்கிறது.

"இதுல யாருங்க துணி மாட்டச் சொன்னது?" என்று கத்தினேன்.

"கொக்கி இருந்தா மாட்டாம என்னங்க பண்ணுவாங்க?" என்றார் அக்கா. "அந்தக் கோட்டு யாருதுன்னு பாத்துப்போட்டுக் கத்துங்க."

பார்த்தேன். பெரிய துரையுடையது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி பூஜ்யம் போட்டேன். அன்று முழு மழை. மதியம் வரை ஓடிய தூளை மேடைத் தராசில் நிறுத்தோம். இரண்டும் ஒத்திருந்தன. அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

துரை வந்து, "என் கோட்டு எங்க?" என்றார்.

"மேடைத் தராசுல இருக்குதுங்க தொரை," என்றார் அக்கா. "சார் அதையும் நிறுத்துட்டு இருக்காருங்க."

துரை தராசு முள்ளைப் பார்த்தார், சுவர்ப்பக்கச் சந்துக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "மெசின் இருக்கட்டும். எனக்கு ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க."

மறுநாள் தச்சர் எந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஏழு முளைகள் அடித்தார். அதன்பின் மழைக்காலக் காலைகளில் முதலில் முளையில் தொங்கும் துணிகளை எண்ணுவேன். ஏழும் இருந்தால்தான் பூஜ்யம் போடுவேன்.