துணி காயாத ஐப்பசி

என் மகள் புரட்டாசிக் கடைசியில் பிறந்தாள். பிறக்க வேண்டிய நாளுக்கு ஒரு மாதம் முன்பாகவே வந்துவிட்டாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோயமுத்தூரில் உக்கடம் குளத்துக்குப் பின்னால், தாழ்வான ஒரு தெருவில், ஓட்டுக் கூரை போட்ட லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் நான்கு வீடுகள். எங்களுடையது கடைசி. தெருத் தண்ணீரெல்லாம் எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் சாக்கடைக்குப் போகும்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போக எனக்கு வாய்க்கவில்லை. அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். கோபிசெட்டிபாளையத்தில் அப்பா தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். மாமியாரோ இடுப்பெலும்பு முறிந்து பொள்ளாச்சியில் மூத்த மகன் வீட்டில் படுத்த படுக்கை. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்தக் கடைசி வீட்டுக்கே குழந்தையைக் கொண்டுவந்தோம்.

"ஈரம் படாம, சூடா வெச்சுக்கோங்க. எடை கூடற வரைக்கும் அதுதான் மருந்து" என்று ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். வந்த வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது.

ஊரே அந்த மழையைக் கொண்டாடியது. பக்கத்து வீட்டு அக்கா குடத்தைக் கூரைத் தண்ணீருக்கு வைத்துவிட்டு, "நல்ல மழைங்க அம்மணி, சிறுவாணி டேம் நெறஞ்சுரும்" என்பார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ரேடியோவில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வாசிப்பார்கள். நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. எங்கேயோ இருக்கும் கடலில் எதுவோ கிளம்பினால் என் வீட்டுக் கொடியில் துணி காயாமல் போகிறது என்பதை நினைக்க நினைக்க அழுகை வந்தது.

துணிதான் பிரச்சினை. பழைய நூல் சேலைகளையும் வேட்டிகளையும் கிழித்து வைத்திருந்தேன். கைக்குழந்தை எத்தனை துணி நனைக்கும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினேன். ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, அரிசி டின் மூடி, எல்லாவற்றின் மேலும் ஈரத் துணி. இரண்டு நாள் கழித்துத் தொட்டாலும் துவைத்தபோது இருந்த ஈரம் அப்படியே இருக்கும். சுவரில் பச்சையாகப் பூஞ்சை ஏறியது. தரையில் நீர் ஊறி, கால் வைத்த இடமெல்லாம் ஜில்லென்றது.

மண்ணெண்ணெய் ஸ்டவ் மேல் துணியைப் பிடித்துக் காய வைத்தேன். புகை அறையை அடைத்து, குழந்தை இருமியது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்த்தேன். பாதியில் கரண்ட் போய்விடும்.

என் வீட்டுக்காரர் கரண்ட் ஆபீசில் லைன்மேன். மழைக்காலத்தில் அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. மரம் சாய்ந்தது, கம்பி அறுந்தது என்று ஆள் வந்து கூப்பிட்டதும் கிளம்பிவிடுவார். அவர் ஏறியிருக்கும் கம்பமும் இந்த மழையில்தானே நனைந்து நிற்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் சொல்ல மாட்டேன்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். துணிகளை முறுக்கிப் பிழிந்து என் வயிற்றிலும் முதுகிலும் சுற்றிக்கொண்டு, மேலே சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்காருவேன். உடம்புச் சூட்டில் ஒருவழியாகக் காயும். உருவிக் குழந்தைக்குச் சுற்றிவிட்டு, அடுத்த ஈரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வேன். ஒருநாள் அவர் பார்த்துவிட்டார்.

"என்ன அம்மணி இது? பச்சை உடம்புக்காரி, சன்னி கண்டுபோட்டா என்ன பண்றது?"

"வேற என்னங்க பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் தன் பனியனைக் கழற்றி, அது காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையின் காலில் சுற்றினார். வெளியே ஆள் வந்து கூப்பிட்டான். போய்விட்டார்.

எனக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு குழந்தைக்குச் சளி. மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தது.

அப்படி இருந்த ஒருநாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. குளம் நிரம்பி வழிய, சாக்கடைத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வாசற்படி ஏறி உள்ளே வந்தது. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டேன். காலையிலிருந்தே அவள் சரியாகக் குடிக்கவில்லை. அப்போது வாயில் வைத்துக் கொடுத்தும் உதட்டை அசைக்கவில்லை. பாதத்தைத் தொட்டேன். தரையைத் தொட்டது போலிருந்தது. அழக்கூட இல்லை அவள். அழுதால் போதும் என்று கன்னத்தைக் கிள்ளினேன். முகத்தைச் சுளித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் போய்விடப் போகிறாள் என்று எனக்குத் தெளிவாகத் தோன்றியது. அந்தத் தெளிவுதான் என்னைக் கட்டிலிலிருந்து இறக்கியது. ரவிக்கைக்குள் குழந்தையை நெஞ்சோடு வைத்து, மேலே சேலையைச் சுற்றி, பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். ஆர்.எஸ்.புரத்துக்கு எப்படிப் போவேன் என்ற யோசனையே இல்லை. மெயின் ரோட்டுக்குப் போனால் ஆட்டோ நிற்கும் என்று மட்டும் நினைத்தேன்.

தெருமுனையில் ஒரு முஸ்லிம் குடும்பம் பேக்கரி வைத்திருந்தது. முன்னால் கடை, பின்னால் ரொட்டி சுடுகிற அடுப்பறை. எப்போதாவது பன் வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். கடைக்காரரின் மனைவி கதவருகே நின்று தண்ணீரை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இந்த மழைல எங்கம்மா போற?"

"ஆஸ்பத்திரிக்குங்க. புள்ள பால் குடிக்க மாட்டேங்குது. கால் சில்லுனு ஆயிருச்சுங்க."

"மெயின் ரோட்ல இடுப்பளவு தண்ணி. ஒரு வண்டி வரலை. உள்ள வா மொதல்ல."

"நான் போகோணுங்க. என்னை விடுங்க."

அவர் விடவில்லை. என் முழங்கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்து, பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். காலையில் எரித்த அடுப்பு. நெருப்பு அணைந்திருந்தும் செங்கல் சுவர் சூடு விடாமல் இருந்தது. அந்த அறையில் எதிலும் ஈரம் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு காய்ந்த தரையில் கால் வைத்தேன். என் நனைந்த சேலையை உருவிப் போடச் சொல்லி, தன் சேலை ஒன்றைக் கொடுத்தார். மாவு மூட்டை போர்த்தும் வெள்ளைத் துணியை அடுப்புச் சுவரில் ஒத்தி எடுத்துக் குழந்தையைச் சுற்றினார். பிறகு அவள் பாதங்களை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் சுவரில் முதுகைச் சாய்த்து, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, எந்தச் சாமியையும் கூப்பிடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். வரும். மறுபடி வைப்பேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் ஒருமுறை தும்மினாள். பிறகு மெல்லிய குரலில் அழ ஆரம்பித்தாள்.

"குடு, இப்பக் குடு" என்றார் அந்த அம்மா. கொடுத்தேன். விட்டு விட்டுக் குடித்தாள்.

பொழுது சாயும்போது என் வீட்டுக்காரர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் பாத்திரங்கள் மிதக்கிறதையும் கட்டில் காலியாக இருக்கிறதையும் பார்த்துவிட்டு வந்தவர். காக்கிச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, அடுப்பறை வாசலில் நின்று கையை நீட்டினார்.

"தொட்டராதீங்க. சில்லுனு இருக்கும்" என்றேன்.

அவர் அடுப்புச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் நின்றார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி வந்து, சூடான கையால் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

காலையில் தண்ணீர் வடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெஞ்சில் கபம் கட்டியிருந்தது. மூக்கில் குழாய், காலில் ஊசி. "பொறுத்துத்தான் பாக்கணும்" என்பதற்கு மேல் டாக்டரம்மா எதுவும் சொல்லவில்லை. வார்டு ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தபடியே இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை பிறந்த பிறகுதான் குழாயை எடுத்தார்கள்.

மழை முடிகிற வரைக்கும் துணி வாளியோடு அந்த அடுப்பறைக்குத்தான் போனேன். ரஸ்க் தட்டு அடுக்கும் கம்பிகளில் துணியைக் காயப்போட அந்த அம்மா இடம் ஒதுக்கியிருந்தார். என் மகள் மேல் கொஞ்ச நாள் ரஸ்க் வாசம் அடித்தது. இளைப்பு மட்டும் அவளை விடவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலும் ஐப்பசி வந்தால் மார்பு இழுக்கும்.

தை பிறந்ததும் வீடு மாறினோம். சரவணம்பட்டிப் பக்கம், மேட்டில், அப்போது சுற்றிலும் சோளக்காடும் வெட்டவெளியும்தான். "அங்க குடிக்கத் தண்ணி கெடைக்காது அம்மணி, யோசிச்சுக்கோ" என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வரும். குடத்தோடு வெயிலில் நிற்கும் பெண்கள் மழை பெய்யாத வானத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருப்பார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் அவர்களோடு வரிசையில் நின்றேன்.