தம்பியின் கால் அளவு

பாறசாலையில் பின்னல் நூல் விற்கும் கடை இல்லை. பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய், சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடிக்கடையில்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஊட்டிக்குப் போகிறீர்களா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கிச் சொல்வதைவிட அது எளிது.

வடக்கே ஒரு மலைநகரத்தில் அரசு அலுவலகமொன்றின் கணக்குப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். குளிர்காலத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அங்குள்ள பெண்கள் எல்லாரும் மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து பின்னுவார்கள். சும்மா இருந்தால் விரல் விறைத்துக்கொள்ளும் என்பதால் நானும் பின்னத் தொடங்கினேன். விருப்ப ஓய்வு வாங்கி ஊருக்கு வந்த பிறகும் ஊசி கையைவிட்டுப் போகவில்லை. நான் தனியாள். தம்பியின் வீடும் என் வீடும் ஒரே காம்பவுண்டில் இருக்கின்றன. நடுவில் ஒரு பலா மரமும் துணி காயப்போடும் கம்பியும்.

இந்தச் சூட்டில் யாருக்குக் கம்பளி என்று கேட்பார்கள். இங்கிருந்து வெளிநாடு போகாத வீடு குறைவு. சித்தி மகள் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது இரண்டு ஸ்வெட்டரும் தொப்பியும் பின்னினேன். காஞ்சிரங்குளத்தில் இருக்கும் என் பள்ளித்தோழியின் மகன் ஜெர்மனிக்குப் போனபோது நான்கு ஜோடி சாக்ஸ். தோழி அவற்றை மீன் ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றி வைத்துப் பெட்டி கட்டினாள். பாட்டில் உடையவில்லை, ஆனால் கசிந்தது. துவைத்துத் துவைத்துப் பார்த்தும் சூரை மீன் வாடை போகவில்லை என்று பையன் போனில் சொன்னான். அறையில் கூட இருக்கும் இன்னொரு மலையாளிப் பையன் அதை மோந்து பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறானாம்.

சாக்ஸுக்கு அளவெடுக்க நான் கால்மேல் நாடா வைப்பதில்லை. தரையில் செய்தித்தாளை விரித்து, அதில் காலை ஊன்றச் சொல்லி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றிலும் வரைவேன். உள்ளங்கால் வளைவு வரும் இடத்தில் மட்டும் பென்சிலைச் சாய்த்து உள்ளே கொண்டுபோக வேண்டும். அந்த இடத்தில் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. சித்தி மகள் காலை இழுத்துக்கொண்டதால் மூன்று தாள் வீணாயிற்று.

தம்பி பாறசாலை ரயில் நிலையத்தின் முன்னால் ஆட்டோ ஓட்டினான். என்னைவிட நான்கு வயது இளையவன். ஒரு சித்திரை மாதக் காலையில் தேங்காய் வெட்டிப்போட வந்தவன் என் கையில் இருந்த நூலைப் பார்த்தான்.

“எக்கா, எனக்கும் ஒரு ஜோடி போட்டுத் தா. கால் குளிருது.”

“சித்திரை மாசமாக்கும் எலே. மண்டை பொளக்குது. உனக்குக் குளிருதா?”

“காலுக்கு மட்டும். ஜெர்மனிக்குப் போறவனுக்குத்தான் போடுவியா? ஸ்டாண்டில கெடக்குதவனுக்கு இல்லியா?”

செய்தித்தாளை விரித்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை ஊன்றிக்கொண்டு போனில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிறு வயதில் காலைத் தொட்டால் இவன் சிரிக்கிற சிரிப்பில் வீடே கூடிவிடும். பென்சில் குதிகாலைச் சுற்றி வந்து உள்ளங்காலுக்குள் நுழைந்தது. அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சிரிப்பு வரல்லியா?”

“எதுக்கு?”

“பென்சில் உள்ள போகுதே.”

அவன் குனிந்து பார்த்தான். “நீ இன்னும் தொடங்கல்லன்னு நெனச்சேன்.”

கண்ணை மூடச் சொன்னேன். பின்னல் ஊசியின் முனையால் சுண்டுவிரலில் தொட்டேன். பிறகு பாதத்தின் மேல், பிறகு குதிகாலில். எங்கே தொடுகிறேன் என்று கேட்டதற்கு, தொடு, தொட்டால்தானே சொல்ல முடியும் என்றான். கணுக்காலுக்கு மேலே போன பிறகுதான் “ஆங், இப்பம் தெரியுது” என்றான்.

அவனுக்குச் சர்க்கரை இருப்பது எல்லாருக்கும் தெரியும். நினைவு வந்தால் மாத்திரை போடுவான். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாதம் மரத்துப்போயிருக்கிறது, போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது, இனி காலைக் காப்பாற்றுவதுதான் வேலை என்று அவர் சொன்னார். தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. வெள்ளை சாக்ஸ்தான் போட வேண்டும், புண் கசிந்தால் அதில் கறை தெரியும். விரல்பக்கம் மூட்டுத்தையல் இருந்தால் உரசும், அது இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள் என்றார். வாங்க வேண்டாம், நானே பின்னுவேன் என்றேன்.

கம்பளி வேண்டாம் என்று வெள்ளைப் பருத்தி நூல் வாங்கினேன். நான்கு குட்டை ஊசிகளில் கண்ணிகளைப் பங்கிட்டு, ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்னினால் சாக்ஸ் எங்கும் ஒட்டுப்போடாமல் குழாயாக இறங்கும். விரல்நுனியில் மிஞ்சும் கண்ணிகளைத் தையல் ஊசியால் ஒன்றோடொன்று கோத்து மூடினால் உள்ளே விரலால் தடவிப் பார்த்தாலும் மூடிய இடம் தெரியாது. அப்படி ஆறு ஜோடி செய்தேன்.

ஸ்டாண்டில் முதல் நாள் அவனைப் படுத்தி எடுத்துவிட்டார்கள். கல்யாணச் செறுக்கன் வந்தாச்சு, பொண்ணு எந்த டிரெயினில வாறா என்று ஒருவர் கேட்டாராம். இன்னொருவர், எலே வழி விடு, அம்பயர் வாறாரு என்றாராம். இவன் சொன்ன பதிலை அவனே வந்து என்னிடம் சொன்னான்: “எக்கா போட்டதாக்கும், உனக்கு எக்கா உண்டாலேன்னு கேட்டேன். ஒருத்தனும் மிண்டல்ல.”

சாயங்காலம் சாக்ஸைக் கழற்றி என் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போவான். நான் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, துவைத்துப் போடுவேன். தூசி இருக்கும், வியர்வை இருக்கும். மாதக்கணக்கில் வேறொன்றும் இருந்ததில்லை.

எங்கள் குடும்பக் கோயிலில் வருடாந்திரத் திருவிழாவின்போது உச்சிப்பொழுதில் சீவேலி உண்டு. பூசாரி சாமி உருவம் பதித்த திடம்பைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்தோடு கோயிலை மூன்று சுற்று வருவார். மிக மெதுவாகத்தான் நடப்பார். மேளம் ஓரிடத்தில் நின்று கொட்டினால் எல்லாரும் அங்கேயே நிற்க வேண்டும். சுற்றுப்பாதை முன்பு மணலாக இருந்தது. அந்த வருடம் கமிட்டிக்காரர்கள் கருங்கல் பாவியிருந்தார்கள். தம்பியும் கமிட்டியில் இருந்தான். சாமிக்குக் குடை பிடிக்கும் முறை அவனுக்கு வந்தது.

எனக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து தம்பிக்குப் புது ஜோடி ஒன்று தொடங்கியிருந்தேன். மத்தியானம் தம்பியின் மனைவி ஒரு தூக்கில் பாயசத்தோடு வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். அவள் என்னை மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

“மைனி, நீங்க பாத்திருக்கணும். கல்லு தீயாக் கெடக்குது. தாலத்தட்டு எடுத்த பிள்ளையளு எல்லாம் நெழலுக்கு ஓடிட்டு. மேளக்காரன்மாரு காலை மாத்தி மாத்திச் சவிட்டுதானுவ. பூசாரி நடக்க முன்ன தண்ணி ஊத்திக் குடுத்தாவ. உங்க தம்பிக்கு ஒரு அனக்கம், அசைவு இல்ல. குடையப் பிடிச்சுட்டு மூணு சுத்தும் அப்படியே போனாவ. பக்தின்னா இதாக்கும்னு கமிட்டிக்காரங்க எல்லாரும் சொன்னாவ மைனி.”

ஊசியைக் கீழே வைத்தேன். எழுந்து பலா மரத்தைக் கடந்து போனேன். அவள் பின்னாலேயே, என்ன மைனி, என்ன மைனி என்று வந்தாள்.

தம்பி வராந்தாவில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். காலில் வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தான். வலது காலின் முன்பாதத்தில் நனைந்திருந்தது. பால் குறைந்த சாயாவின் நிறம்.

“சாமிகூடப் போவும்போ சாக்ஸ் போடலாமாக்கா? நீயே சொல்லு,” என்றான். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னான். “கழத்தி வண்டியில வச்சிட்டுத்தான் போனேன். முடிஞ்ச ஒடன போட்டாச்சு.”

“உருவு.”

“வலி ஒண்ணும் இல்லக்கா.”

“உருவுலே மக்கா.”

தோலும் சேர்ந்து வந்தது. அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். இடது கால் சிவந்திருந்தது, அவ்வளவுதான். தம்பி தன் வலது உள்ளங்காலைத் திருப்பி, அடுத்தவர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

இடது கால் ஆறியது. வலது ஆறவில்லை. முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அத்தோடு நின்றுவிடும் என்றார்கள், நிற்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது தம்பி ஒன்றுதான் கேட்டான். ஆட்டோவின் பிரேக் வலது காலில்தானே இருக்கிறது, பிறகு எதால் மிதிப்பது என்று கேட்டான். டாக்டர், முதலில் ஆள் பிழைக்கட்டும் என்றார்.

அறுவை சிகிச்சையன்று வெளியே பெஞ்சில் தம்பியின் மனைவியும் நானும் இருந்தோம். திருவிழா அன்று தொடங்கிய ஜோடியைப் பையில் கொண்டுவந்திருந்தேன். ஒன்று முடிந்து, இரண்டாவதில் குதிகால் திரும்பும் இடத்தில் நின்றிருந்தது. பின்னினேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மைனி, இது வலத்தையா, இடத்தையா?”

“சாக்ஸுக்கு வலது இடது கெடையாது. எதை எதிலயும் போடலாம்.”

அவள் அழத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த அம்மாள் மலையாளத்தில் அவளுக்குச் சமாதானம் சொன்னார். குதிகாலில் கண்ணி எண்ணுவதை நடுவில் விட்டால் முழுவதும் பிரிக்க வேண்டியிருக்கும். எண்ணி முடித்தேன். அன்றைய நாட்குறிப்பில் மழை இல்லை என்றும் குதிகால் முடிந்தது என்றும் எழுதியிருக்கிறேன். வேறு எழுத என்ன இருந்தது என்று இப்போதும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு தம்பி கட்டிலோடு இருந்தான். ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். விலைக்குக் கேட்டு ஒருவர் இரண்டு தடவை வந்தார். புண் ஆறியதும் செயற்கைக் கால் மையத்துக்கு வரச் சொன்னார்கள். வெட்டிய இடத்தின் மேல் ஓர் உறை போட்டு, அதன்மேல்தான் செயற்கைக் காலை மாட்ட வேண்டுமாம். அவர்கள் கொடுத்த உறையில் நுனியில் தடித்த தையல் இருந்தது. அரை மணி நேரத்தில் தோல் சிவந்துவிட்டது. அதைத் தூக்கி மூலையில் எறிந்தவன், அடுத்த முறை கூப்பிட்டபோது போகமாட்டேன் என்றான். பிறகும் மாட்டேன் என்றான். வேட்டியால் மூடிக்கொண்டு மனைவியைக்கூடப் பார்க்க விடவில்லை. ஆட்டோவைக் கொடுத்துத் தொலை என்றான்.

நான் நாடாவோடு போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“என்னத்துக்கு?”

“அளவு எடுக்கணும்.”

“எதுக்கு அளவு? அதான் இல்லியே.”

“இருக்குத எடத்துக்கு.”

 முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வேட்டியை ஒதுக்கினான். தோல் வெதுவெதுப்பாக இருந்தது. நாடா நுனியைச் சுற்றியபோது உடம்பு துள்ளியது.

“பைய எக்கா. நோவுது.”

சரி என்று தளர்த்தினேன். மூன்று இடத்தில் சுற்றளவு, முழங்கால்வரை நீளம். குதிகால் கிடையாது, விரல் கிடையாது. மேலிருந்து குழாயாக வந்து, நுனியில் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போய், குழந்தைத் தொப்பியைப்போல வட்டமாக மூட வேண்டும். வேலை என்று பார்த்தால் சாக்ஸில் பாதிகூட இல்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் முடிந்தது. அவன் அதை உள்ளே வெளியே திருப்பி, மூடிய இடத்தை விரலால் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. அந்த வாரம் மையத்துக்கு வருகிறேன் என்றான்.

அங்கே செயற்கைக் காலை மாட்டி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவனை நிறுத்தினார்கள். ஒரு பெண், பொறியியல் படித்தவளாம், மலையாளத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முன்னால் பின்னோக்கி நடந்தாள். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த முனைவரை போனான். திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. அவன் மனைவி எழுந்து நின்றாள். நான் எழவில்லை. மறுபடியும் போய் வந்தான். உட்கார வைத்துக் காலைக் கழற்றி அந்தப் பெண் பார்த்தாள். சிவப்பு இல்லை என்றாள்.

உறை வியர்வையில் நனைந்திருந்தது. அவன் அதை உருவிப் பிழிந்து, பெஞ்சில் என் பக்கத்தில் வைத்தான்.

“எக்கா, மாத்து ஒண்ணு வேணும். இது தொவைச்சு ஒணங்கண்டாமா.”

“போடுகேன்.”

“கையில பிரேக் வச்சுத் தர முடியுமான்னு களியக்காவிளையில ஒரு மெக்கானிக்கிட்டக் கேக்கச் சொல்லியிருக்கேன். பாத்துட்டுச் சொல்லுகேன்னான். அந்த வண்டி கேட்டு வாற ஆளுகிட்ட ஒண்ணும் சொல்லண்டாம், கேட்டியா.”

“சரி.”

அவனை மறுபடியும் கம்பிக்கு நடுவே கூப்பிட்டார்கள். மையத்தில் இருந்த பழைய உறையொன்றைத் தற்காலிகமாகப் போட்டுக்கொண்டு போனான். நான் பையிலிருந்து வெள்ளை நூலையும் ஊசிகளையும் எடுத்து, முதல் கண்ணியைப் போட்டேன்.